முயலுக்குள் ஜவ்வரிசி

அந்த முயலை நான் சுடவில்லை. இன்றைக்கு இதை எழுதக் கை கூசவில்லை. அன்றைக்கு இதே நாலு சொல்லை வாயால் சொல்ல எனக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது. அதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நான் ராயபுரத்தில் கூட்ஸ் கார்டாக இருந்தேன். கூடூர் லைனில் வடக்கே போவதும் வருவதுமாக வாரத்தில் பாதி நாள் வண்டியின் வாலில் இருக்கும் பிரேக் வேனிலேயே கழியும். கூட்ஸ் வண்டிக்கு எங்கேயும் மரியாதை கிடையாது. மெயில் வந்தால் ஒதுங்கு, பாசஞ்சர் வந்தால் ஒதுங்கு என்று ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் பக்கத்து லைனில் தள்ளி நிறுத்திவிடுவார்கள். எங்களை அடிக்கடி அப்படி நிறுத்துகிற ஸ்டேஷன் ஒன்று இருந்தது. ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் முள்ளுக்காடு, அதற்கு மேற்கே நிஜக் காடு. அங்கே பிளாட்பாரத்து ஓரத்தில், தெலுங்கு பேசுகிற ஏனாதிப் பழங்குடிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். முப்பது வயது இருக்கும். அவளும் அவள் புருஷனும் காட்டில் வலை கட்டிப் பிடித்ததை அங்கே கொண்டுவந்து விற்பார்கள். ஒருநாள் புகையிலைக் கட்டு ஒன்றையும் என் பழைய கம்பளிச் சட்டையையும் கொடுத்து அவளிடம் ஒரு காட்டு முயல் வாங்கினேன்.

அதைக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ரயில்வே குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தபோது பக்கத்து வீட்டு டிரைவர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். என் வண்டியின் எஞ்சினை ஓட்டுகிறவர் அவர்தான். ஆனால் எஞ்சினுக்கும் பிரேக் வேனுக்கும் நடுவே ஐம்பது வேகன் இருக்கும். வண்டி நிற்கும்போது கார்டு என்ன செய்கிறான் என்று எஞ்சினில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு மான் சுட்டவர். அந்த மானை வாரத்துக்கு ஒரு தடவை எங்கள் எல்லோருக்கும் மறுபடியும் சுட்டுக் காட்டுவார். அவர் முயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுட்டதா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

துப்பாக்கி யாருடையது என்று அடுத்த கேள்வி வந்தது. வண்ணாரப்பேட்டையில் தோல் மண்டி வைத்திருந்த பாய் எனக்குப் பழைய தோஸ்து. அவர் மண்டிச் சுவரில் அவருடைய அப்பா காலத்துத் துப்பாக்கி ஒன்று ஆணியில் தொங்குவது நினைவுக்கு வந்தது. பாயுடையது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, சாயங்காலமே வண்ணாரப்பேட்டைக்கு ஓடி அதை இரவல் கேட்க வேண்டியதாயிற்று. லைசென்ஸ் அவர் பேரில் இருந்தது. கொடுக்கக் கூடாதுதான். ஆனால் அவர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. கோணியில் சுற்றிக் கொடுத்து, தொலைக்காமல் கொண்டுவா என்று மட்டும் சொன்னார். அதை நான் கோணியிலிருந்து பிரிக்கவே இல்லை. அப்படியே பிரேக் வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

என் மனைவியை ஏமாற்றுவது வேறு விஷயம். அவள் காசிமேட்டில் மீன் வெட்டுகிற குடும்பத்திலிருந்து வந்தவள். செத்த எதையும் கையில் எடுத்தால், அது எப்படிச் செத்தது என்று அவளுக்குத் தெரியும். வெளியாட்கள் முன்னால் என்னை ‘நீங்க’ என்பாள், அடுப்படியில் ‘நீ’ என்பாள். முயலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “குண்டு எந்தப் பக்கமா பூந்துச்சி?” என்று கேட்டாள்.

தலையில் என்றேன்.

“தலைல காதுதான் கீது. ஓட்டையக் காணோமே.”

வெடிச் சத்தத்திலேயே விழுந்துவிட்டது என்றேன். அவள் தோலை உரிக்க உட்கார்ந்தாள். நான் கை கால் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் கூப்பிட்டுவிட்டாள்.

“இங்க வந்து பாரு. இதுக்குத் தொடைக்குள்ள ஜவ்வரிசி கீது.”

நிஜமாகவே இருந்தது. தொடைச் சதைக்கு நடுவே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு தண்ணீர்ப் பை. கண்ணாடி மாதிரி தெளிவான தண்ணீர். பையின் உள்பக்கம் வரிசை வரிசையாக வெள்ளைப் பொட்டுகள், பாயசத்தில் வெந்த ஜவ்வரிசி போலவே. முதுகுப் பக்கம் இன்னும் இரண்டு பை. அன்றைக்கு எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்புதான்.

அவள் அந்தத் தொடையை வாழை இலையில் கட்டி என் கையில் கொடுத்து, திருவொற்றியூர் ரோட்டில் இருந்த ரயில்வே டாக்டரிடம் காட்டச் சொன்னாள். தானும் கூட வந்தாள். நான் வழியில் தூக்கி எறிந்துவிட்டுக் காட்டியதாகச் சொல்லிவிடுவேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அது சரிதான்.

அந்த டாக்டர் குடியிருப்புக்காரர்களுக்குக் காய்ச்சல், பேதி என்று மருந்து கொடுப்பவர். நாற்பது வயது. குடும்பத்தைத் தெற்கே சொந்த ஊரில் விட்டிருந்தார். ஏன் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொள்வோம். அன்றைக்கு அவருடைய உள் அறைக்குள் போனதும் எனக்குக் காரணம் புரிந்தது. சுவர் முழுக்கப் பலகை அடித்து, பலகை முழுக்க பாட்டில் அடுக்கியிருந்தார். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு புழு. சில நூல் மாதிரி, சில ரிப்பன் மாதிரி, சில இலை மாதிரி. காட்டு மிருகங்களைத் தின்கிற ஜனங்களுக்கு அந்த மிருகங்களிடமிருந்து என்ன வருகிறது, என்ன வராது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆசை. காய்ச்சலும் பேதியும் பிழைப்புக்கு.

வாழை இலையைப் பிரித்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எனக்கு வேலை நிரந்தரமானபோதுகூட யாரும் என்னை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. அந்தப் பை ஒரு நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம் என்று விளக்கினார். முழுப் புழு நரியின் குடலில் இருக்கும். நரி காட்டில் வெளிக்குப் போகும். அந்த முட்டை ஒட்டிய புல்லை முயல் மேயும். முயலின் சதையில் இந்தப் பை வளரும். அந்த முயலை இன்னொரு நரி தின்னும். நரிக்குப் பதில் நாய் தின்றாலும் சரி. மனிதன் நன்றாக வேகவைத்துத் தின்றால் ஒன்றும் ஆகாது என்றார்.

மிச்ச முயல் எங்கே என்று கேட்டார். நாய்க்குப் போட்டாயிற்று என்று என் மனைவி சொன்னாள்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ, நீங்க தின்னிருக்கலாமேம்மா. நாய்க்குப் போடலாமா?” என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனைவி இதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். மனுஷன் தின்னலாம், நாய் தின்னக் கூடாது என்று சொல்கிற வைத்தியரிடம் இனிமேல் காய்ச்சலுக்குப் போவதா வேண்டாமா என்பது அவளுடைய சந்தேகம். மறுநாள் டாக்டரே குடியிருப்புக்கு வந்து எங்கள் தெரு நாய்க்கு ஒரு உருண்டை மருந்து கொடுத்து, நாலு நாள் அதன் பின்னாலேயே ஒரு குச்சியோடு அலைந்தார். அதைப் பார்த்த பிறகு சந்தேகம் குவார்ட்டர்ஸ் முழுவதற்கும் வந்துவிட்டது.

ஆனால் நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். அந்தப் பையை ஸ்பிரிட் பாட்டிலில் போட்டுவிட்டு டாக்டர் ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். என்ன மிருகம், எந்த ஊர், எந்தத் தேதி, யார் சுட்டது. கடைசிக் கேள்விக்கு அவர் என் முகத்தைப் பார்த்தார். என் மனைவியும் பார்த்தாள். நான் என் பேரைச் சொன்னேன். இனிமேல் நான் எதைச் சுட்டாலும் அதன் குடல், ஈரல், நுரையீரல் எல்லாம் தனக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன்.

ஆகவே வேட்டை தொடர்ந்தது. அதாவது, ஏனாதிப் பெண்ணும் அவள் புருஷனும் வேட்டையாடினார்கள், நான் வாங்கினேன். அரைகுறைத் தெலுங்கில் அவளுக்கு விஷயத்தைப் புரியவைப்பதே பெரும் பாடு. கறி வேண்டாம், உள்ளே இருப்பது மட்டும் வேண்டும் என்றதும் அவள் சிரித்துவிட்டாள். கறி அவளுக்கே மிஞ்சியதால் அவளுக்கு இந்த ஏற்பாடு பிடித்தும்விட்டது. முதல் தடவை ஒரு உடும்பின் குடலைக் கொடுத்தாள். டாக்டர் அதை ஏற்கவில்லை. தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிராணி மட்டும்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். அதைத் தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நட்டநடுப் பிளாட்பாரத்தில் நான் குழந்தைக்குப் பால் கொடுப்பது போல் நடித்துக் காட்டினேன். ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

மரநாய் வந்தது. முள்ளம்பன்றி வந்தது. இன்னும் இரண்டு மூன்று முயல் வந்தன. மரநாயின் குடலில் கொக்கி வைத்த மாதிரி சின்னப் புழுக்கள் கடித்துத் தொங்கின. முள்ளம்பன்றியின் வயிற்றில் வெள்ளை நூல்கண்டு. டாக்டர் எனக்கு வாய் அகலமான ஜாடிகளும் ஃபார்மலினும் கொடுத்திருந்தார். என் மனைவி எலுமிச்சை ஊறுகாய் போட்டுத் தருகிற ஜாடிகளும் அதே சாதி, அதே கடையில் வாங்கியவை. டிரைவருக்கு அந்த ஊறுகாய் என்றால் உயிர். ஒரு மத்தியானம் வண்டி நிற்கும்போது அவர் ஐம்பது வேகன் நடந்து வந்து, நான் ஸ்டேஷனுக்குள் போயிருந்த நேரத்தில், உரிமையோடு ஒரு ஜாடியைத் திறந்திருக்கிறார். நான் வந்து பார்க்கும்போது தண்டவாளத்து ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் என் கையால் எதையும் வாங்கிச் சாப்பிட்டதில்லை. ஆனால் குவார்ட்டர்ஸில் என் மதிப்பு ஏறிவிட்டது. சுட்டதோடு விடாமல் குடலையும் உருவி எடுத்து வருகிற ஆள் என்று அவரே பரப்பினார். எல்லோரும் என்னை ஷிகாரி, அதாவது வேட்டைக்காரன், என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டிரைவரின் மானை அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

டாக்டருக்கு மட்டும் ஒரு உறுத்தல். இத்தனை குடல், இத்தனை ஈரல் பார்த்துவிட்டேன், ஒன்றிலாவது ஒரு துப்பாக்கி ரவை தட்டுப்படவில்லையே என்றார். எப்போதும் தலையில்தான் சுடுவேன் என்றேன். அப்படியானால் இனிமேல் தலையையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், மூளையிலும் புழு இருக்கும் என்றார். அதிலிருந்து நான் தலைகளை ரயிலில் அடிபட்டதாகவும், நரி இழுத்துப் போனதாகவும், ஒரு தடவை டிரைவர் கேட்டு வாங்கிக்கொண்டதாகவும் சொல்லிவந்தேன்.

ஐப்பசி மழையில் ஏனாதிப் பெண் ஸ்டேஷனுக்கு வருவது நின்றுபோயிற்று. காடு முழுக்கத் தண்ணீர். இந்தச் சமயம் பார்த்து டாக்டருக்குக் காட்டுப்பன்றி வேண்டியிருந்தது. கோடைக்குள் தனக்கு மாற்றல் வந்துவிடும், அதற்குள் ஒரே ஒரு காட்டுப்பன்றியைப் பார்த்துவிட வேண்டும் என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் எனக்கு வந்த யோசனைகளிலேயே மோசமானது அதுதான்.

கொடுங்கையூர் ஏரிப் பக்கம் ஒருவர் பன்றி வளர்த்தார். நல்ல கறுப்பு, முதுகில் முள் போல மயிர். அதில் ஒரு பெரிய பன்றியின் பின்னந்தொடையை வாங்கினேன். வடக்கே போகும்போது அதை வேனில் ஏற்றி, திரும்பும்போது சுட்ட பன்றி என்று இறக்குவது திட்டம். நம்பிக்கை வரட்டும் என்று அதில் ஒரு துண்டை வெட்டி எஞ்சினுக்குக் கொண்டுபோனேன். ஃபயர்மேன் அதைக் கரி அள்ளுகிற மண்வெட்டியில் வைத்து அடுப்பு வாயில் காட்டினார். மேலே கருகி, உள்ளே சிவப்பாக வந்தது. டிரைவர் தொடவில்லை. ஃபயர்மேன் ஒரு வாய் வைத்துப் பார்த்து, வேகவில்லை என்று துப்பினார். சுட்டவனே சாப்பிடாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று மீதியை நான் தின்றேன். காட்டுப்பன்றியின் ருசியே தனி என்று சொல்லிக்கொண்டே தின்றேன்.

டாக்டர் தொடையை மேசையில் வைத்து ஒரே ஒரு கீறல் போட்டார். சதை முழுக்க அரிசி தூவிய மாதிரி வெள்ளை வெள்ளையாக மின்னியது. ஒன்றை ஊசியால் எடுத்துக் கண்ணாடியில் வைத்து நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். அவர் குனிந்த தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“கார்டு, இந்தப் பன்றி எந்த ஸ்டேஷன்ல ஏறிச்சு?”

இந்தப் புழுவின் முழு உருவம் மனிதனின் குடலில் மட்டும்தான் வாழும் என்றார். மனிதன் வெளிக்குப் போன இடத்தில் பன்றி மேய்ந்தால்தான் பன்றிக்கு இந்த அரிசி வரும். சதையில் இவ்வளவு இருக்கிறது என்றால் இந்தப் பன்றி தினமும் நாலு பேர் பின்னால் போயிருக்க வேண்டும். நடுக்காட்டில் அதற்கு அவ்வளவு பேர் எப்படிக் கிடைத்தார்கள் என்று கேட்டார். பாசஞ்சர் வண்டி நிற்கும்போது ஜனங்கள் இறங்கி ஒதுங்குவார்கள், அங்கே வந்து மேய்ந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் யோசித்தார். அவருக்கு அது ஒரு புது விஷயமாகப் பட்டுவிட்டது. அப்படியானால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், அந்த இடத்தை நேரில் பார்க்க வேண்டும், துப்பாக்கியை மறக்காதீர்கள் என்றார். கதவு வரை வந்தவர் ஞாபகம் வந்தது போல், “இதுல நீங்க ஏதாவது தின்னீங்களா?” என்றும் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் நாலு பேர் ஏறினோம். துப்பாக்கி சட்டப்படி தன்னுடன்தான் இருக்க வேண்டும், டாக்டர் மாதிரி பெரிய மனிதர் கூட வரும்போது வம்பு கூடாது என்று பாய் வந்தார். என் மனைவி காரணம் எதுவும் சொல்லாமல் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தாள்.

எண்ணூர் தாண்டியதும் பாய் கோணியைப் பிரித்தார். துப்பாக்கிக் குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு தன் குடைக்கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தார். காய்ந்த மண் கட்டி கட்டியாக என் செருப்பின் மேல் விழுந்தது. கூடவே செத்த குளவிகள்.

“இன்னா மாமு இது. உள்ள குளவி வூடு கட்டிக் குடும்பம் நடத்திகினு கீது. இத்த வெச்சிகினா நீ அம்மாம் வேட்டை ஆடுன?”

சமீபத்தில் கட்டியதாக இருக்கும் என்றேன். டாக்டர் ஒரு மண்கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தார். இதில் இரண்டு தலைமுறை பிறந்து பறந்துபோயிருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். என் மனைவி புளிச்சோற்றைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். நான் குனிந்து செருப்பின் மேலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷனில் மழை விட்டு வெயில் அடித்தது. நான் பயந்தபடியே ஏனாதிப் பெண் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, துரைக்கு இன்றைக்குக் குடல் வேண்டுமா கறி வேண்டுமா என்று தெலுங்கில் கேட்டாள். டாக்டர் நெல்லூர் ஜில்லாவில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அவளோடு அவர் சரளமாகப் பேசினார். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முயல் யார் பிடித்தது? அவள் புருஷன். மரநாய்? அவனே. முள்ளம்பன்றி? அது அவளே, வளையைத் தோண்டி. நான் பால் கொடுத்துக் காட்டியதையும் அவள் அப்படியே செய்து காட்டினாள். பாய் சிரிப்பை அடக்க முடியாமல் பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

என் மனைவிதான் முதலில் பேசினாள். “எனக்கு மொத நாளே தெரியும் டாக்டரே. முயலு மேல ஒரு கீறல் இல்ல. சொன்னா இவரு மொகம் வாடிப்பூடுமேன்னு வுட்டுட்டேன்.”

அதைக் கேட்டபோதுதான் எனக்கு வெட்கம் வந்தது. அதுவரை பயம் மட்டும்தான் இருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. ஊரும் தேதியும் சரிதானா என்று மட்டும் கேட்டார். அவை எல்லாம் நிஜம், சுட்டவன் மட்டும்தான் பொய் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். அப்படியானால் புழுக்களைப் பற்றி நீங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்றார். அந்தப் பன்றி என்று இழுத்தார். கொடுங்கையூர் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அன்றைக்கு விடியற்காலை ஏனாதிப் பெண்ணின் ஆட்கள் நாய்களை விட்டு ஈட்டியால் ஒரு நிஜக் காட்டுப்பன்றியை அடித்திருந்தார்கள். அரை மணி நடந்தால் அவர்கள் குடிசை. பன்றி விஷயத்தில் தனக்கு வேலை இல்லை என்று பாய் துப்பாக்கியோடு ஸ்டேஷன் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மூவரும் சேற்றில் வழுக்கி வழுக்கி அவள் பின்னால் போனோம். அவர்கள் பன்றியின் தோலை நீக்கியதும் விலாப் பக்கம், தோலுக்கும் சதைக்கும் நடுவே, வெள்ளை வெளேரென்று ஒரு நாடா மடிந்து கிடந்தது. டாக்டர் தொட்டார். அது மெதுவாகச் சுருங்கி நீண்டது. அவர் அப்படியே சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். இதைப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னார். என் மனைவி பாட்டிலைப் பிடித்துக்கொள்ள, முழங்கை நீளத்துக்கு அதை அறுபடாமல் உருவினார். இன்னும் மூன்று கிடைத்தன.

ஏனாதிப் பெண்ணுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று புரியவில்லை. மழைக்காலத்துப் பன்றியில் இந்த நாடா இருக்கும், பிடுங்கி நெருப்பில் போட்டுவிட்டுக் கறியை எலும்பு கருகும்வரை சுடுவோம் என்றாள். தவளை தின்கிற பன்றிக்கும் குட்டைத் தண்ணீர் குடிக்கிற பன்றிக்கும் இது வரும், அதனால்தான் நாங்கள் குட்டையில் குடிக்காமல் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கிறோம் என்றாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி வழியாகத்தான் இந்தப் புழு தவளைக்கும் பன்றிக்கும் மனிதனுக்கும் போகிறது என்று அவர் சமீபத்தில்தான் படித்திருந்தாராம். அதிலிருந்து அவர் அவளிடமே நேராக வாங்கினார். சீட்டுகளையும் கிழித்துப் புதிதாக எழுதினார். எனக்கு ஜாடி தூக்குகிற வேலை மட்டும் மிஞ்சியது. அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

பொங்கல் கழிந்து சில நாளில் எனக்கு வயிற்றில் ஏதோ சரியில்லை. பசி அதிகம், உடம்பு இளைப்பு. ஒருநாள் காலை வெளிக்குப் போன இடத்தில் தட்டையாக, வெள்ளையாக, நாடாத் துண்டுகள் போல எதையோ பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இத்தனை மாதம் பாட்டிலில் பார்த்தவனுக்குத் தெரியாதா? டாக்டரிடம் போய், அந்தப் பன்றியில் கொஞ்சம் தின்றேன் என்று ஒத்துக்கொண்டேன். அவர் முகத்தில் அனுதாபமும் சந்தோஷமும் கலந்து வந்தன. சந்தோஷம்தான் அதிகம்.

ஒருநாள் பட்டினி. மறுநாள் காலை பெரணி வேரிலிருந்து எடுத்த தைலம். அதைப் போல் கசப்பும் குமட்டலும் நான் கண்டதில்லை. இரண்டு மணி கழித்துப் பேதி உப்பு. புழு அறுந்துவிடக் கூடாது, தலை உள்ளே தங்கினால் மறுபடி முழுசாக வளர்ந்துவிடும் என்று, வெந்நீர் ஊற்றிய பானையின் மேல் என்னை உட்காரவைத்தார்கள். டாக்டர் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“கார்டு, தலை வந்துடுச்சா?”

இன்னும் இல்லை என்றேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டார். அவர் குரல் கனமான குரல். முதலில் டிரைவர் வீட்டு ஜன்னல் திறந்தது. பிறகு வரிசையாக எல்லா ஜன்னலும் திறந்தன. டிரைவர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, என்ன தலை, மான் தலையா என்று விசாரித்தார். என் மனைவி அடுப்படியிலிருந்து, “மான் தலை இல்லீங்க, பூச்சித் தலை” என்று பதில் சொன்னாள். மத்தியானம் வந்தது. கடைசியில் டாக்டர் பானைத் தண்ணீரைப் பூதக்கண்ணாடி வைத்து அலசி, குண்டூசித் தலை அளவுக்கு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். அதில் வட்டமாகக் கொக்கிகள். இவ்வளவு முழுசாக ஒன்று தனக்கு இதுவரை கிடைத்ததே இல்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் எழுந்து நிற்கவே தெம்பில்லாமல் இருந்தேன்.

உடம்பு தேறியதும் டிரைவரிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு மிருகத்தையும் நான் சுடவில்லை, எல்லாம் வாங்கியது என்றேன். அவர் நம்பவில்லை. காட்டிலாகாக்காரர்களுக்குப் பயந்து நான் மறைக்கிறேன் என்று நினைத்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கண்ணடித்தார். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ராயபுரத்தை விட்டு நான் மாற்றலாகிப் போகும்வரை அங்கே நான் ஷிகாரிதான்.

டாக்டர் பங்குனியில் தெற்கே போனார். அவருடைய பாட்டில்களை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கியது என் மனைவி. அந்த மூன்று நாளும் அவளுக்கு அவர் ஒவ்வொரு புழுவாக விளக்கினார். அவர் போன பிறகு எங்கள் தெருவில் யாருக்காவது வயிற்று வலி என்றால் அவளிடம்தான் முதலில் கேட்பார்கள். எங்கள் வீட்டில் கறி ஒரு மணி நேரம் கூடுதலாக வெந்தது. கொதிக்காத தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை.

ஏனாதிப் பெண்ணோடு அவளுக்கு சிநேகம் வந்துவிட்டது. மாதம் ஒரு தடவை என் பாஸில் பாசஞ்சர் ஏறி அந்த ஸ்டேஷனுக்குப் போய் முயல் வாங்கி வருவாள். இவளுக்குத் தெலுங்கு தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. ஒருநாள் என் வண்டியை அங்கே ஒதுக்கியிருந்தபோது இருவரும் பிளாட்பாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதன் மேலோ உட்காருவது போல் நடித்துக் காட்டினாள். மற்றவள் தரையில் சாய்ந்து சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என் பிரேக் வேனைத் திரும்பிப் பார்த்தார்கள். மெயில் கடந்து போய் சிக்னல் இறங்கும்வரை நான் வெளியே தலை காட்டவில்லை.